இலை போட்ட பிறகு ஊசி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஆண்டாள் கோயில் கோபுரமா, பால்கோவாக் கடையின் பெயர்ப் பலகையா என்று ஒரு பட்டிமன்றம் வைத்தால், கோபுரத்தின் கட்சி தோற்றுப் போகுமென்றே நாம் அஞ்சுகிறோம். கோபுரமோ ஒன்று, கடைகளுக்குக் கணக்கில்லை. கோபுரம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் இடம் பெற்றதென்றால், பால்கோவாவும் 2019-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றுத் தன் அந்தஸ்தை நிலைநாட்டிக் கொண்டுவிட்டது. இப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ராஜபாளையத்தில் உபாத்தியாயர் வேலை பார்த்துக்கொண்டு, இருபத்தாறு வருஷமாகத் தினம் நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, இவ்வளவுக்கும் நடுவே ஹோட்டலிலும் சாப்பிட்டுக்கொண்டு நாம் காலம் தள்ளி வருகிறோம்.

இதைக் கேட்டதும் நேயர்களில் சிலர் அநுதாபப்படுவார்கள். சிலர், "சர்க்கரை வியாதிக்காரருக்கு ஹோட்டல் எதற்கு? வீட்டில் கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டுக் கிடக்கக் கூடாதா?" என்று கோபிப்பார்கள். கோபிக்கிறவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் காப்பியில் போடுவதைச் 'சீனி' என்பார்கள். உடம்பில் வந்தால் மட்டும் அதற்குச் 'சர்க்கரை' என்று பெயர். இந்தச் சர்க்கரை என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வியாதிகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அநேகமாக எல்லோரும் அறிந்தது இரண்டாவது வகை. வயது ஏற ஏற, உடம்பு பெருக்கப் பெருக்க, குடும்ப வழியாகவும் வந்து சேருவது. மாத்திரை, நடை, பத்தியம் என்று அதற்குப் பல உபாயங்கள் உண்டு. முதல் வகையோ பெரும்பாலும் சிறு பிராயத்திலும் வாலிபத்திலும் திடீரென்று வந்து விழுவது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, என்ன காரணத்தாலோ, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களையே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. காவற்காரனே வீட்டுக்காரனை அடித்துத் துரத்திய கதைதான். இனிப்புத் தின்றதால் வந்ததல்ல. வெந்தயத்தாலும் பாகற்காயாலும் போகப் போவதும் அல்ல. இன்சுலினை வெளியிலிருந்து ஊசி மூலம் ஏற்ற வேண்டும். ஆயுள் உள்ளவரைக்கும் ஏற்ற வேண்டும். நாம் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாவது வயதில், இது நம்மை வந்தடைந்தது.

இந்த வித்தியாசத்தை ஹோட்டல் மேஜையில் விளக்குவது எளிதல்ல. எதிரே அமர்ந்திருக்கும் முன்பின் அறியாத கனவான், நாம் ஊசிப் பேனாவை எடுப்பதைப் பார்த்ததும், "இட்லி சாப்பிடுகிறீர்களே, சர்க்கரை இருக்கிறதே! சப்பாத்தி சாப்பிடக்கூடாதா?" என்று கேட்கிறார். இட்லியிலும் மாவுச்சத்து, சப்பாத்தியிலும் மாவுச்சத்து. அளவுதான் கேள்வி என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் தம் மைத்துனர் குடித்துக் குணமடைந்த கஷாயத்தின் செய்முறையை ஆரம்பித்துவிடுகிறார். அவர் சொல்வது அன்பினால்தான். ஆனால் இட்லி ஆறிப் போகிறது, ஊசியும் காத்திருக்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சம்பாஷணைக்கே இடமிருந்திராது. 1922-க்கு முன்பு முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு வைத்தியர்களால் செய்ய முடிந்ததெல்லாம் பட்டினி போடுவதுதான். பட்டினி சில மாதமோ, ஓரிரு வருஷமோ உயிரை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவே. 1921-ஆம் வருஷத்தில் கானடாவிலுள்ள டொராண்டோ சர்வகலாசாலையில் பாண்டிங், பெஸ்ட், மக்ளியாட், காலிப் ஆகியவர்கள் இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்று வெற்றி கண்டார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அடுத்த வருஷம் நோபல் பரிசு வந்தது. மருந்தின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

லண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்ற இளம் டாக்டர் இதே வியாதியுடன் மரணத்தை எதிர்பார்த்து இத்தாலியில் போய்த் தங்கியிருந்தார். 1923-ல் இன்சுலின் கிடைத்து உயிர் பிழைத்தவர், 1968 வரை வாழ்ந்தார். அவரும், நீரிழிவுக்காரராகவே இருந்த ஆசிரியர் எச். ஜி. வெல்ஸும் சேர்ந்து 1934-ல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். ஆகாரத்தைப் பங்கு பங்காக எண்ணிக் கணக்கிடும் முறையையும் லாரன்ஸ் வகுத்தார். 'இதைத் தின்னாதே' என்பதற்குப் பதிலாக 'எவ்வளவு என்று எண்ணிக்கொண்டு தின்' என்றார். நம் நாட்டிலும் 1948-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். இத்தனை பேருடைய உழைப்புக்குப் பிறகும் ஒருவர் ஹோட்டல் வாசலில் தயங்கி நிற்கிறார் என்றால், குறை விஞ்ஞானத்தில் இல்லை.

இனி, கணக்குக்கு வருவோம். நாம் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பதும் கணக்குத்தான்.

வீட்டில் அரிசியைத் தராசில் நிறுத்துப் போடலாம். ஹோட்டலில் தராசு நம் கண்தான். எங்கள் வீட்டு இட்லி ஒன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வைத்திருக்கிறோம். ராஜபாளையத்து ஹோட்டல் இட்லி சற்றுத் தாராளமானது. அதற்கு 15 என்று போட்டுக்கொள்வோம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஆனால் சாப்பாட்டு ஹோட்டலில் சோற்றை நிறுப்பவர் யார்? கரண்டி நிறைய வருகிறது. "போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டினால் விரலிடுக்கு வழியாக விழுகிறது. பரிமாறுகிறவருக்கு நம்மிடம் விரோதமா? இல்லை. இலையில் வெற்றிடம் தெரிவதை அவர் தமக்கு நேர்ந்த அவமானமாகக் கருதுகிறார். ஆகையால் நாம் ஒரு சிறு கிண்ணம் கேட்டு வாங்கி, அதில் இரண்டு கிண்ணம் சோறு என்று எண்ணிக் கவிழ்த்துக் கொள்கிறோம். சாம்பாரில் வெல்லம் சேருமா, குருமாவில் என்ன அரைத்தார்கள் என்று சமையற்கட்டில் விசாரித்து வரச் சொல்கிறோம். 'சீனி இல்லாமல் காப்பி' என்று ஒரு முறைக்கு இரு முறை சொல்லி, வந்த காப்பியை முதலில் ஒரு வாய் ருசி பார்க்கிறோம்.

எத்தனை கிராமுக்கு எத்தனை யூனிட் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குக் காலைக்கும் இரவுக்கும் கூட மாறும். அதை வைத்தியர்தான் வகுத்துத் தரவேண்டும். ஆகையால் நம்முடைய விகிதத்தை இங்கே எழுதவில்லை.

பரோட்டாவின் வழி தனி. விருதுநகர்ப் பக்கத்தில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவுக்கு நாடெங்கும் கீர்த்தி உண்டு. ராஜபாளையத்திலும் மாலை மங்கினால் கல்லின்மேல் அதன் தாளம் கேட்கத் தொடங்கிவிடும். கொழுப்பு மிகுந்த ஆகாரம் இரைப்பையை விட்டு மெல்ல இறங்குகிறது. எனவே சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால், "அட, ஒன்றுமே ஏறவில்லையே!" என்று சந்தோஷமாக இருக்கும். நடு நிசியில் பார்த்தால்தான் பரோட்டா வந்து சேர்ந்த செய்தி தெரியும். அதற்காக அதை வெறுத்து ஒதுக்குவதில்லை. இரண்டோடு நிறுத்தி, படுக்கு முன்னும் ஒரு தடவை சோதித்துக்கொள்கிறோம். இப்பொழுது புஜத்தில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையின் ஏற்றத் தாழ்வை ஓயாமல் கைபேசிக்குத் தெரிவிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. வசதி உள்ளவர்களுக்கு அது பெரிய அநுகூலம். மற்றவர்களுக்கு விரல் நுனியே கதி.

ஆனால் நேயர்களே, ஹோட்டலில் நமக்குப் பெரிய சத்துரு சீனியும் அல்ல, பரோட்டாவும் அல்ல, கடிகாரந்தான். தற்காலத்துத் துரித இன்சுலின் கால் மணி நேரத்திற்குள்ளாகவே வேலையைத் தொடங்கிவிடும். சோறு வந்ததா, வரவில்லையா என்று அது கேட்பதில்லை. நாம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று இதன் முழு வலிமையையும் கண்டோம். ஊரே ரத வீதியில் இருந்தது. ரத வீதியில் இடமில்லாதவர்கள் ஹோட்டல்களில் இருந்தார்கள். உறவினர் இருவருடன் ஒரு ஹோட்டலில் இடம் பிடித்தோம். இரண்டு இட்லி வந்தது. "மசால் தோசை கல்லில் வெந்துகொண்டிருக்கிறது, ஸார், இதோ வந்துவிட்டது" என்றார் ஸர்வர். இரண்டுக்கும் சேர்த்து ஊசி போடப்பட்டது. இட்லி முடிந்தது. தோசை வரவில்லை. எரிவாயு தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டதென்று அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது. கை நடுங்கிற்று. எதிரிலிருந்தவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. சோதித்ததில் சர்க்கரை 52.

எழுபதுக்குக் கீழே இறங்கினாலே அபாயச் சங்கு ஊதியாயிற்று என்று அர்த்தம். கல்லாவில் இருந்த பெரியவர் நம் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தார். உறவினர் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அடுத்த கடைக்கு ஆளை ஓட்டி ஒரு பொட்டலம் பால்கோவா வரவழைத்துவிட்டார்! எங்கள் ஊரில் எந்தத் துன்பத்துக்கும் அதுதான் மருந்து. ஆனால் இந்தத் துன்பத்துக்கு அது முதல் மருந்து ஆகாது. பாலைச் சுண்டக் காய்ச்சியதால் அதில் கொழுப்பு மிகுதி. கொழுப்பு உள்ளே இருக்கிற சீனியைச் சீக்கிரம் ரத்தத்துக்கு விடாது. பரோட்டா நள்ளிரவில் செய்யும் தாமதத்தையே பால்கோவா இங்கே செய்யும். அந்த நேரத்துக்கு வேண்டியது வெறும் குளுகோஸ், அல்லது மூன்று கரண்டி சீனியைக் கரைத்த தண்ணீர். சுமார் 15 கிராம். கால் மணி கழித்து மறுபடி சோதனை. ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. நம் பையில் குளுகோஸ் எப்போதும் உண்டு. அதை வாயில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில் மனிதனானோம். அப்புறம் பால்கோவாவையும் மறுக்கவில்லை. அடுத்த ஆகாரம் தாமதமாகும்போது இறங்கிய சர்க்கரை மீண்டும் இறங்காமல் தாங்க அது நல்ல துணை. பெரியவரும் பாடத்தைக் கற்றுக்கொண்டார். அதன்பின் அவருடைய கல்லா மேஜையின் இழுப்பறையில் ஒரு டப்பாவில் சீனி இருந்து வருகிறது, "உங்களை மாதிரி இன்னொருத்தர் வராமலா இருப்பார்?" என்கிறார்.

அன்று முதல் நம் சட்டம் இதுதான்: இலை போட்ட பிறகு ஊசி, இலையில் விழுந்ததற்கு மட்டும் ஊசி, வரப் போவதற்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாதாரண இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் ஆகாரத்துக்கு அரை மணி முன்பே ஊசி போட வேண்டியிருப்பதால் அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அவர்கள் ஹோட்டலுக்குப் போகும் நாளில் என்ன செய்வதென்று தம் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது உசிதம்.

ஊசி எங்கே போட்டுக்கொள்வது என்பது அடுத்த கேள்வி. நாகரிகம் கருதி மறைவிடம் தேடினால், ஹோட்டலில் மறைவிடம் என்பது கழிவறை ஒன்றுதான். யாருமே கால் வைக்கத் தயங்கும் இடத்தில் நின்றுகொண்டு மருந்தை உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நாகரிகமோ! நாம் மேஜையிலேயே, சட்டையைச் சற்றே விலக்கி, ஐந்து விநாடியில் முடித்துவிடுகிறோம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத்துணி தறி தறியாக நெய்கிறார்கள். ஊர் ஊராகக் காயங்களுக்குத் துணி அனுப்பும் சீமையில் ஒரு சிறு ஊசிக்கு முகம் சுளிப்பானேன்?

இவ்வளவும் நம்மைப் பற்றியதாயிருந்தால் எழுதியே இருக்க மாட்டோம். நாற்பதைத் தாண்டிய ஆசாமி தம் ஊசியைத் தாமே பார்த்துக்கொள்வார். எழுதத் தூண்டியது நம் வகுப்பிலுள்ள ஒரு சிறு பெண். பன்னிரண்டாவது வயதில் அவளுக்கு இந்த முதல் வகை வந்தது. புத்திசாலி, பின்னத்தைப் பெருக்குவதில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதென்று ஏற்பாடாயிற்று. பெயர் கொடுக்காதவள் அவள் ஒருத்தியே.

தாயாரை வரவழைத்துக் கேட்டோம்.

"மத்தியானம் ஹோட்டலில் சாப்பாடு என்றார்கள், ஸார். நாங்கள் இவளை ஹோட்டலுக்கோ கல்யாண வீட்டுக்கோ அழைத்துப் போவதே கிடையாது."

"வைத்தியர் போகக் கூடாதென்று சொன்னாரா, அம்மா?"

"அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் இருக்கிற இடத்தில் ஊசியை எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பெண் பிள்ளை, ஸார். நாளைக்கு ஓர் இடம் பார்க்க வேண்டாமா?"

ஆகவே, பன்னிரண்டு வயதுக் குழந்தை இனிமேல் பத்து வருஷங் கழித்து வரப் போகிற ஒரு மாப்பிள்ளைக்காக இப்பொழுதே பந்தியை விட்டு எழுந்துவிட்டாள்! நாம் தர்க்கம் ஒன்றும் செய்யவில்லை. நம் சட்டைப் பையிலிருந்த ஊசிப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தோம். "அம்மா, நாமும் அந்த ஜாதிதான். கல்யாணம் ஆயிற்று, இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. நேற்றுக் கூட ஹோட்டலில்தான் சாப்பாடு" என்றோம். தாயார் பேனாவையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தார். பெண் மட்டும் மெல்லக் கேட்டாள்: "ஸார், ஹோட்டல் சோற்றை எப்படி அளப்பீர்கள்?"

அது கணக்கு வகுப்பின் கேள்வி; விடை நம்மிடம் இருந்தது. கிண்ணத்தின் உபாயத்தைச் சொல்லிக் கொடுத்தோம். தாயாரும் சுற்றுலாவுக்கு உடன் வந்தார். மதுரை ஹோட்டலில் அந்தப் பெண் கிண்ணம் கேட்டு வாங்கினாள், சோற்றை எண்ணிக் கவிழ்த்தாள், சோதித்தாள், ஊசி போட்டுக்கொண்டாள். சிநேகிதிகள் நாலு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அரை நிமிஷத்தில் வேடிக்கை அலுத்துப் போய், அப்பளம் யாருக்கு இரண்டு வந்தது என்ற வழக்குக்குத் திரும்பிவிட்டார்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்று தாயார் இத்தனை நாள் பயந்த பார்வை அவ்வளவு நேரந்தான் நீடித்தது.

இதனால் வீட்டுக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் செய்யக் கூடியது என்ன? அதிகம் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட வாடிக்கைக்காரருக்கு ஆகாரத்தைத் தாமதிக்காமல் கொண்டுவரலாம். தாமதமாகுமானால் அதை முன்னதாகச் சொல்லிவிடலாம். 'போதும்' என்றால் போதும் என்று எடுத்துக்கொள்ளலாம். வேர்வையும் நடுக்கமும் உளறலுமாக ஒருவர் இருந்தால் வேறு விதமாகச் சந்தேகிக்காமல், விழுங்கும் நிலையில் இருக்கிறாரா என்று பார்த்துச் சீனித் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் நம் ராஜ்யத்து ஹோட்டல்களில் இன்னின்னாருக்கு இன்னின்ன இடம் என்று தடுப்புக் கட்டியிருந்தார்கள். அந்த இழிவை ஒழிக்க எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். சுதந்தர இந்தியாவின் அரசியல் சட்டம் 1950-ல் அமுலுக்கு வந்தபோது, மதம், ஜாதி முதலிய காரணங்களால் யாரையும் ஹோட்டலில் நுழையாமல் தடுக்கக் கூடாதென்று அதன் 15-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஹோட்டலுக்கு அப்படியொரு ஷரத்தா என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சேர்ந்து உண்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். நம் கிராமங்களில் ஒருவருக்கு விதிக்கும் பெரிய தண்டனையே பந்தியில் சேர்க்காமல் விலக்கி வைப்பதுதான். குற்றம் செய்தவருக்கு அது தகுமா என்பதைப் பெரியவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். கணையம் சுரக்கவில்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு அந்தத் தண்டனையை, அதுவும் பெற்றவர்கள் கையாலேயே விதிக்க வேண்டாம். கிண்ணம் ஒன்று கொடுங்கள். மீதிக் கணக்கை அவளே போட்டுக்கொள்வாள்.